முகப்பில் பெயர், உள்ளே வேறு ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரபலங்களின் தொழில்கள் பற்றிய கட்டுரையில் 'கோட்ரம்ப்.காம்' விட்டுப்போயிற்று. டொனால்ட் டிரம்ப் பெயரில் 2006-இல் வந்த பயண முன்பதிவுத் தளம், 2007-இலேயே மூடிவிட்டார்கள். முகப்பில் அவர் பெயர். உள்ளே விமான டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் தேடித் தந்தது டிராவலாசிட்டி என்ற வேறொரு முன்பதிவுத் தளம். நேரே அங்கேயே எடுத்துவிடலாமே! இருபது வருடம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். நடுராத்திரி விமானம் ரத்தானால் போனை எடுப்பது யார் என்றுதான் வாடிக்கையாளர் பார்ப்பார்.

அதற்கும் முன்னால், 1989 முதல் 1992 வரை, 'டிரம்ப் ஷட்டில்' என்று விமான சேவையும் நடத்தினார். கழிப்பறைக் குழாய்க்குக்கூடத் தங்க நிறம். நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு மணி நேரப் பயணம். அதில் எத்தனை பேர் கை கழுவியிருப்பார்களோ!

- ஓய்வுபெற்ற டிக்கெட் ஏஜென்ட், திருச்சி