ஸ்டெல்லாவுக்கு: போனுக்கு முதலில் பேட்டரி

திருச்சி

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மற்ற விசாரிப்புகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு ஜெயா அக்கா கீழே விழுந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் நின்றுபோகும். அதனால் கடிதம்.

பதறாதே. கணுக்காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இப்போது தன் அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறார். நேற்றுப் போய்ப் பார்த்தேன். படுத்த படுக்கையிலும், "ஸ்டெல்லா இன்னும் நைட் டியூட்டிக்கு முறுக்கு கொண்டு வருகிறாளா?" என்று கேட்டார். நீ கொண்டு வந்த முறுக்கை யார் தின்றார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்த இரவு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. நல்ல மழை. ஸ்ரீரங்கத்தில் அவர் தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது. அவர் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கூடத்தில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. குளியலறையிலிருந்து திரும்பும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து கூடத்துக்கு வந்து, ஸ்டூலிலிருந்து போனை இழுத்து மடியில் வைத்து ரிசீவரை எடுத்தால் டோன் இல்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். 108 அழுத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கைபேசி படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. விடியற்காலையில் பால் போட வந்தவர் குரல் கேட்டுக் கதவைத் தட்டும் வரை அப்படியே தரையில் இருந்திருக்கிறார்.

"டோன் இல்லை கமலா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனத்தில் நிற்பது அந்த டோன்தான். அவருக்கு மட்டுமா? ஆபரேட்டர்களாக இருந்த நமக்கும்தானே. மின்சாரம் போனால் எக்ஸ்சேஞ்சில் சுவிட்ச்போர்டு இருந்த ஹாலின் விளக்குகள் அணையும், ஆனால் போர்டில் சப்ஸ்கிரைபர் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். நாம் இணைப்பு ஒயர்களைச் செருகிக்கொண்டே இருப்போம். பின்னால் பேட்டரி ரூமில், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டாக 24 செல்கள் வரிசையில் நிற்கும், மொத்தம் 48 வோல்ட். அந்த அமில வாடை புடவையில் ஏறிவிடுகிறது என்று நீ மாதம் தவறாமல் புகார் சொல்வாய். ஊரில் ஒவ்வொரு வீட்டுப் போனுக்கும் உயிர் அங்கிருந்துதான் போனது. அதே இரண்டு செம்புக் கம்பியில் பேச்சும் போனது, மின்சாரமும் போனது. வீட்டுக்காரர் போனுக்கென்று ஒரு பிளக்கும் செருகியதில்லை. பேட்டரி தீர்ந்துபோகும் முன் டீசல் எஞ்சினை ஓட்டிவிடுவார்கள். ஜெயா அக்கா அந்த நம்பிக்கையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மின்சாரம் போனாலும் போன் இருக்கும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

இப்போது அவர் வீட்டில் இருப்பது இன்டர்நெட் வழியாக வரும் போன். அண்ணன் மகன் நல்ல எண்ணத்தில்தான் ஃபைபர் இணைப்புக்கு மாற்றிக் கொடுத்தான். அதே பழைய ரிசீவர், அதே ஸ்டூல், அதே இடம். பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் அந்த ஃபைபர் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. வீட்டில் வைத்திருக்கும் மோடம் பெட்டிதான் வெளிச்சத்தைப் பேச்சாக மாற்றுகிறது, ரிசீவருக்கு டோன் கொடுக்கிறது. அந்தப் பெட்டி வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. அதன் பிளக் செருகியிருந்த பாயிண்ட், இன்வெர்ட்டர் லைனில் இல்லை! விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில், போன் மட்டும் வெளியே. இணைப்புக் கொடுக்க வந்தவருக்குப் பக்கத்தில் எந்த பிளக் பாயிண்ட் காலியாக இருந்ததோ, அதில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். தனியாக இருக்கும் வயதானவர் வீட்டில், மின்சாரம் போனால் இந்தப் போன் பேசாது என்று யாரும் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம் ஸ்டெல்லா! எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

உன் மகள் இருக்கும் இங்கிலாந்தில் பழைய தொலைபேசி இணைப்புகளை 2027 ஜனவரி இறுதிக்குள் முழுவதுமாக நிறுத்தப் போகிறார்கள் தெரியுமா? முதலில் 2025 டிசம்பர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆபத்தில் அழுத்தும் அலாரக் கருவிகள் அந்தப் பழைய லைனை நம்பியே இருந்தன. புது லைனுக்கு மாற்றியபோது சில வீடுகளில் அவை வேலை செய்யாமல் போய்ப் பெரிய பிரச்சினை ஆனது, அதனால் தள்ளிவைத்தார்கள். வீட்டுப் போனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு, மின்சாரம் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி செய்து தர வேண்டும் என்பது அங்கே ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் நிபந்தனை. ஒரு மணி நேரம் போதுமா என்று நான் கேட்பேன். ஆனால் அங்கே அதை யோசித்தாவது வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த யோசனை நம் தலையில்தான்.

நீயும் லைனை மாற்றப் போவதாகச் சொன்னாயே, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நானும் மாற்றிவிட்டேன், சந்தோஷமாக இருக்கிறேன். சாலை தோண்டும் போதெல்லாம் கேபிள் அறுந்து, மழைக்கு ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி, கரகரவென்று இரைச்சலோடு பேசியது போதும். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லிலிருந்து விருப்ப ஓய்வில் நாம் வெளியே வந்தோமே, நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல்! நம்மோடு கேபிள் ஜாயிண்டர்களும் போய்விட்டார்கள். அந்தக் கம்பிகளைக் கையால் தடவியே பழுது கண்டுபிடித்த ஆட்கள் இனி எங்கே கிடைப்பார்கள்? புதுப் போனில் குரல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. நம்பரும் பழைய நம்பரே. உனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் என்னிடமே இருக்கிறது என்பதில் எனக்கு எத்தனை நிம்மதி.

மாற்றும்போது சிலவற்றை நீயே நின்று பார். முதலில் மோடத்துக்குப் பேட்டரி. ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கடையில் கிடைக்கிறது. மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து, பெரும்பாலும் 12 இருக்கும், அதற்குப் பொருந்துவதாக வாங்கு. சில மணி நேரம் தாங்கும். உன் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து, மோடத்தின் பிளக் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறதா என்று சோதித்துக்கொள். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாகர்கோவில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, உன் வீட்டில் அந்தக் கார்ட்லெஸ் போன் இருக்கிறதே, அதை நம்பாதே. அதன் அடித்தட்டுக்கும் மின்சாரம் வேண்டும். மோடத்துக்குப் பேட்டரி வைத்துவிட்டு கார்ட்லெஸை மட்டும் சுவரில் செருகினால் என்ன பயன்? அம்மா படுக்கைக்கு அருகில் சாதாரண ஒயர் போன் ஒன்று இருக்கட்டும். அதுவும் பட்டன் போனாக இருக்கட்டும். எங்கள் வீட்டுப் பழைய சுழற்றும் போன், பெங்களூர் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (ஐ.டி.ஐ.) தயாரிப்பு, நீ ஆசையாகத் தடவிப் பார்ப்பாயே, அது புது மோடத்தில் மணி அடிக்கிறது, வரும் அழைப்பில் பேசவும் முடிகிறது. ஆனால் சுழற்றினால் நம்பர் போகவில்லை. பல மோடங்களுக்கு அந்தத் தட்டும் துடிப்பு புரிவதில்லை. மனசு கேட்கவில்லை, அதை அப்படியே மேசையில் வைத்திருக்கிறேன்.

மாடிக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் மோடத்தின் போன் துளையிலிருந்து வீட்டின் பழைய ஒயரில் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை, சுவரில் இருக்கும் ரோசெட் என்ற இணைப்புப் பெட்டியில் கழற்றிவிடச் சொல். பழைய எக்ஸ்சேஞ்சு மின்சாரம் அதில் இன்னும் வந்துகொண்டிருந்தால் மோடத்துக்கு ஆகாது. ஃபைபரைச் சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்கவும் விடாதே. இறுக்கி வளைத்தால் வெளிச்சம் கசிந்துவிடும்.

இன்னொன்றையும் கேட்டு வை, இதை யாரும் கேட்பதில்லை. கண்ணாடி இழை எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக உன் மோடம் வரை வருகிறதா, அல்லது தெருமுனையில் அவர்கள் வைத்த சுவிட்ச் பெட்டியோடு நின்றுவிடுகிறதா? நேராக வந்தால், வழியில் வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. உன் பேட்டரியும் எக்ஸ்சேஞ்சு பேட்டரியும் இருந்தால் போதும். தெருமுனைப் பெட்டி என்றால், அதற்குத் தனியாகப் பேட்டரி இல்லாவிட்டால், அந்தத் தெருவில் மின்சாரம் போகும்போது பெட்டியும் போகும். அப்போது உன் வீட்டில் எத்தனை பேட்டரி வைத்தாலும் பேச முடியாது. தெளிவாகப் பதில் சொல்லாத ஆளிடம் இணைப்பு வாங்காதே. மற்ற எல்லா அழைப்புகளுக்கும் முன்னால் இணைக்க வேண்டிய லைட்னிங் கால் கேட்டு ராத்திரி இரண்டு மணிக்குச் சண்டை போட்ட அந்த மிளகாய் மண்டிக்காரரையே நீ ஒரு வார்த்தையில் அடக்கினவள். இவர்களிடம் கேட்க உனக்குத் தயக்கம் வராது.

கைபேசிதான் இருக்கிறதே என்று உன் மகன் சொல்வான். இருக்கட்டும். அம்மாவுக்கு 91 வயது. இருட்டில் அந்தக் கண்ணாடித் திரையைத் தேய்த்து நம்பர் கண்டுபிடிப்பாரா? டவர்களுக்கும் பேட்டரி ஒரு கட்டத்தில் தீரும். அவர் கைக்குப் பழகியது ரிசீவர். அது எடுத்தவுடன் பேச வேண்டும். அதற்காகத்தான் நாம் அத்தனை வருடம் கண் விழித்தோம், இல்லையா?

ஜெயா அக்கா வீட்டில் மோடத்தை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியாகிவிட்டது, ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸும் வாங்கி வைத்துவிட்டேன். அவர் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாரா என்பது இன்னும் முடிவாகவில்லை. போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அண்ணன் மகனுக்குப் பயம். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. நீ அவரோடு பேசு. நீ சொன்னால் கேட்பார்.

இணைப்பு வந்த அன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துப் பார். டோன் வந்தால், அதே போனிலிருந்து, சுவிட்சைத் திரும்பப் போடாமல், எனக்கு அழை.

அன்புடன்,
கமலா

பி.கு.: ஓய்வூதியத்துக்கு வாழ்வுச் சான்றிதழ் கொடுத்துவிட்டாயா? நவம்பர் முடிவதற்குள் கொடுத்துவிடு. கிறிஸ்துமஸ் கேக்கில் திராட்சை அதிகமாகப் போடு, சென்ற வருடம் குறைவாக இருந்தது என்று இவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.