கோபுரம் புதிது, கல் பழையது

ஆசிரியருக்கு,

ஜப்பானின் ஒசாகா கோட்டைக்குப் போகிறவர்கள் உள்ளே லிஃப்டைக் கண்டதும் ஏமாந்து போகிறார்கள். இப்போதிருக்கும் கோபுரம் 1931-இல் மக்கள் நன்கொடையில் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். உள்ளே இருப்பது அருங்காட்சியகம். பழைமை கற்சுவர்களில் இருக்கிறது. அவை 1620-களில், ஜப்பானை அப்போது ஆண்ட தொகுகாவா குடும்பத்தின் ஆட்சியில் எழுந்தவை. சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும் ஒற்றைக் கல்லின் எடை மட்டும் சுமார் 108 டன் என்று கணிக்கிறார்கள். அதைக் கவனிக்காமலே கூட்டம் டிக்கெட் வரிசைக்கு ஓடுவது வருத்தமாக இருக்கிறது.

அதே ஊரில் சுமியோஷி தைஷா என்ற ஷிண்டோ கோயில் இருக்கிறது. அதன் நான்கு மூலச் சன்னதிகளும் 1810-இல் மரத்தில் கட்டியவை, மேற்கே கடலைப் பார்த்தவை. வருகிறவர்கள் தவறு செய்வது, வணங்குமுன் கை வாய் சுத்தம் செய்யும் தண்ணீர்த் தொட்டியில்தான். அகப்பையை வலக்கையில் பிடித்து இடக்கையைக் கழுவி, பிறகு கை மாற்றி வலக்கையைக் கழுவ வேண்டும். வாய் கொப்பளிக்க இடது உள்ளங்கையில் நீர் ஏந்த வேண்டும்; அகப்பையில் வாய் வைத்தால் அடுத்தவருக்கு எச்சில். கொப்பளித்ததைத் தொட்டிக்குள் துப்பக் கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து காம்பைக் கழுவிவிடும்.

சன்னதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். செருப்பு விடும் இடம் தேட வேண்டாம். எல்லோரும் வெளியே நின்றுதான் வணங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்