டயரில் வேண்டாம் சிக்கனம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நண்பர்கள் நாலைந்து பேர் ஒரே காரில் ஏறி, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மலைக்கு மலை பனிச்சறுக்கு ஆடிக்கொண்டே போவது நல்ல ஆசைதான். ஆனால் இதற்கென்று வரும் பயணக் குறிப்புகள் மலிவான அறை, மலிவான டிக்கெட் என்பதோடு நின்றுவிடுகின்றன. கார் எந்த டயரில் மலையேறப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பணம் குறைவாக இருக்கும்போது எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகள் வடிவமும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்கு உரிய குறி அது. ‘எம் பிளஸ் எஸ்’ (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். அதைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டை மட்டும் மாற்றினால், முன்பக்கம் பிடித்து நிற்கும்போது பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் கார் என்ற தைரியமும் உதவாது: அந்த வசதி கிளம்பவும் ஏறவும் கைகொடுக்கும், பிரேக் பிடிக்கும்போது மற்ற கார்களைப் போலத்தான் வழுக்கும். குளிரில் காற்றழுத்தமும் இறங்கும், ஏறக்குறைய 5 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்ற கணக்கில். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையிலேயே அளந்து சரிசெய்ய வேண்டும்.

பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி வாங்கும்போது டயரின் பக்கத்தில் இருக்கும் அளவு எண்ணையும் சங்கிலிப் பெட்டியின் எண்ணையும் ஒப்பிடுங்கள். சில கார்களில் டயருக்கும் உள்பாகங்களுக்கும் நடுவே இடைவெளி போதாது. கையேட்டில் சங்கிலி கூடாது என்றே போட்டிருக்கும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும். எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றில்தான் மாட்ட வேண்டும். வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பழகாதவர்கள், இருட்டில் விரல் விறைத்து நிற்கும்போது மாட்டவே முடியாது. ஏற்றம் தொடங்கும் முன்னரே, சமதளத்தில், சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கம், கடைசியாக இறுக்கம். 100 மீட்டர் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்; தொடக்கத்தில் எப்படியும் தளரும். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். பனியில்லாத சாலையில் ஓடும் சங்கிலி அறுந்து பிரேக் குழாயை அடித்துக் கிழிக்கும்.

இன்னொரு தவறான சிக்கனம், ஒரே ஜோடி பனிச்சறுக்குப் பலகையை இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. இதைக் கண்டால் தடுத்துவிடுங்கள். காலணியைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங்கை, ஆடுபவரின் எடை, உயரம், வயது, திறமை, காலணி அடிப்பாகத்தின் நீளம் ஆகியவற்றை வைத்துத் திருகியிருப்பார்கள். எடை கூடியவருக்கு வைத்ததை எடை குறைந்தவர் மாட்டினால், விழும்போது அது காலணியை விடுவிக்காது. முழங்கால் தசைநார் அறுந்துவிடும். வாடகைக் கடையில் திறமையைக் கூட்டிச் சொன்னாலும் அப்படித்தான்; எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் கழன்றுவிடும்.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் தாராளமாக இருக்கின்றன. வாரநாளில் போகலாம், பள்ளி விடுமுறையைத் தவிர்க்கலாம். சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும். புதிதாகக் கற்பவருக்கு முழு மலைக்கான டிக்கெட் தேவையே இல்லை, பயிற்சிச் சரிவுக்கு மட்டும் எடுத்தால் போதும். பேர்பெற்ற பெரிய மலைகளுக்கு நடுவில் ஓரிரு சிறிய மலைகளைச் சேருங்கள். வரிசையும் குறைவு, செலவும் குறைவு. சமையலறை உள்ள அறை எடுங்கள். எரிபொருளையும் சுங்கத்தையும் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கலாம். டிக்கெட்டும் காப்பீடும் அவரவர் பொறுப்பு. சரிவிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு காப்பீட்டில் அடங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நாள் முழுக்க ஆடிவிட்டு அன்றிரவே ஐந்து மணி நேரம் ஓட்டும் திட்டத்தைக் கைவிடுங்கள். அறை வாடகை மிச்சமாகும்தான். ஆனால் பகலில் உருகிய நீர் சூரியன் மறைந்ததும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமாக உறையும். பாலங்களில் கீழேயும் குளிர்காற்று பாய்வதால் அங்கே முதலில் உறையும்.

சறுக்குக் காலணியை டிக்கியில் போடாமல் காருக்குள் வையுங்கள். குளிரில் பிளாஸ்டிக் இறுகினால் கால் நுழையாது. இரவில் ஹேண்ட்பிரேக் போட்டால் அது உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கண்ணாடியில் படிந்த பனிமீது வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். டீசல் கார் என்றால் மலையடிவாரத்தில் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள். சாதாரண டீசலில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும்.

இட நெருக்கடியால் இதில் எதை நீக்கினாலும் பின்வரும் குறிப்பை மட்டும் தயவுசெய்து கட்டம் கட்டி வெளியிடுங்கள். பனியில் கார் சிக்கினால் காரை விட்டு நடக்க வேண்டாம். எஞ்சினைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் இறங்கி, புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை மண்வெட்டியால் அகற்றுங்கள். அது அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். வாசனை கிடையாது, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். காற்று அடிக்காத பக்கத்துச் சன்னலை ஒரு விரற்கடை திறந்தே வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்