74110 என்றொரு செடி

ஜிம்மா, எத்தியோப்பியா
டிசம்பர் 8

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. பொங்கலுக்கு என்னால் வர இயலாது. தேர்வு வேலை அப்போதுதான் கழுத்தை நெரிக்கும். கோபித்துக்கொள்ளாதே.

இங்கே இது காப்பிப் பழம் பறிக்கும் காலம். சனிக்கிழமை என் மாணவன் ஒருவன் தன் ஊருக்கு அழைத்துப் போனான். தோட்டம் என்று நினைத்துப் போனேன். எதிரே நின்றது காடு. வான்சா மரங்களின் நிழலில், வரிசையும் பாத்தியும் இல்லாமல், தலைக்கு மேல் வளர்ந்த காப்பிச் செடிகள். அவன் தாயார் கிளையை வளைத்துப் பிடித்து, சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகிக் கூடையில் போட்டார். பச்சைக் காய்க்காக அதே செடிக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். எனக்கும் ஒன்று தந்தார். லேசான தித்திப்பு, உள்ளே வழுவழுப்பான சதைக்குள் தட்டை முகங்கள் ஒட்டியபடி இரண்டு கொட்டைகள்.

வீட்டுக்குப் பின்னால் அவர்களே நட்ட செடிகளும் இருந்தன. என்ன ரகம் என்று கேட்டேன். “74110” என்றான் பையன். எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினான். 1971-இல் இந்த நாட்டுக்குள் ஒரு பூஞ்சை நோய் நுழைந்து, பழுக்கும் முன்பே காய்களைக் கருக்கி உதிர்த்துவிட்டது. ஜிம்மாவுக்குப் பக்கத்தில் மெல்கோவில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தார் காடுகளுக்குள் புகுந்து, நோய்க்கு நடுவிலும் காய் தாங்கி நின்ற மரங்களைத் தேடி எடுத்தார்கள். 1974-இல் தேர்ந்த மரம் என்பதால் முன்னால் 74.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைவுதான், சண்முகம். உலகம் குடிக்கும் அராபிகா என்னும் காப்பி வகையின் பிறந்த வீடு இந்தக் காடுகள். அடுத்த நோய்க்குத் தாங்கும் மரமும் இங்கேதான் எங்கோ நிற்க வேண்டும். வழியில் மக்காச்சோளத்துக்காக வெட்டித் தீ வைத்த ஒரு சரிவைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. வெட்டியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சோளம் இந்த வருடமே வீட்டுக்கு வந்துவிடும்; காப்பி விலையை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது எளிதா?

மாலையில் அந்தத் தாயார் எங்கள் கண் முன்னாலேயே கொட்டையைக் கழுவி, இரும்புத் தட்டில் வறுத்து, புகை எழும் தட்டை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து காட்டினார். உரலில் இடித்து, ஜெபனா என்னும் மண் கூஜாவில் காய்ச்சினார். அபோல், தோனா, பரகா என்று மூன்று சுற்று. இருட்டுகிறதே என்று இரண்டாவது சுற்றோடு எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பரகா என்றால் ஆசி, அதைக் குடிக்காமல் யாரும் படி இறங்கக் கூடாதாம்.

ஜனவரியில் ஊருக்கு வரும் நண்பர் கையில் வறுத்த கொட்டை அரை கிலோ கொடுத்தனுப்புகிறேன். வேண்டும்போது மட்டும் அரைத்துக்கொள். சிக்கரி சேர்க்காதே. முதல் டம்ளரை அம்மாவுக்குக் கொடு.

உன்,
ராகவன்