ஆறாத புண்ணும் மேடிட்ட தழும்பும்

பெசன்ட் நகர், சென்னை

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஏழு வாரமாகியும் புண் ஏன் ஆறவில்லை, வீக்கம் வற்ற ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் என்ன என்று நேற்றுத் தொலைபேசியில் கோபித்துக்கொண்டாய். முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவனுக்கு அதற்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

கடற்கரையில் கிளிஞ்சல் உள்ளங்காலைக் கிழித்தது எனக்குத் தெரியவே இல்லை; சர்க்கரை நோய் நரம்பை அவ்வளவு மழுக்கியிருக்கிறது. கூடத்தில் ரத்தத் தடத்தைப் பார்த்து அம்மா கூவிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். அதற்குள் உடல் வேலையைத் தொடங்கியிருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஓட்டையை அடைப்பதோடு நிற்பதில்லை. பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணிகளைக் கசியவிட்டு மற்ற அணுக்களை வரவழைக்கின்றன. சில மணி நேரத்தில் வரும் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல உமிழும் நொதிகள் பக்கத்து நல்ல சதையையும் அரிக்கும். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கணுக்கள் திரண்டு, டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து அழற்சியை மூட்டிவிடுகின்றன. நீ பயப்படும் வீக்கம் இதுதான்.

இனி நடப்பதைத்தான் வகுப்பில் நான் போதிய அளவு சொல்லாமல் விட்டுவிட்டேன். வேலை முடிந்து மடியும் நியூட்ரோஃபில்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ், விழுங்கியதாலேயே குணம் மாறி, டிஎன்எஃப்பைக் குறைத்துக்கொண்டு, அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10-ஐயும், தோலுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்யச் சொல்லும் டிஜிஎஃப்-பீட்டாவையும் சுரக்கத் தொடங்குகிறது. வீக்கத்தை வளர்த்த ப்ராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருளும் அப்படித்தான்: அதுவே பின்னர் நியூட்ரோஃபில்களைத் தூண்டி, அழற்சியை முடித்துவைக்கும் லிபாக்ஸின்கள் என்ற பொருள்களைச் செய்ய வைக்கிறது. ஆஸ்பிரின் இந்த ப்ராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியலாளர். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே ஆஸ்பிரின் போல வீக்கம் வற்ற நீ சொல்லும் மாத்திரை அழற்சியோடு அதை முடித்துவைக்கும் ஆணையையும் சேர்த்து மங்கச் செய்யலாம். என் சிறுநீரகத்துக்கும் அது ஆகாது.

காபியும் ஆறுகிறது, கோபமும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது என்று ஒரே சொல்லை வைத்தவர்கள் இந்தத் திருப்பத்தை எப்படியோ கண்டிருக்கிறார்கள். என் காலில் அந்தத் திருப்பம்தான் வரவில்லை. சர்க்கரை ஏறிய உடம்பில் மேக்ரோஃபேஜ்கள் பழைய குணத்திலேயே தங்கிவிட, புதிதாக நெய்யப்படும் கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் நொதிகள் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. பிடிஜிஎஃப்பையே களிம்பாக்கி இத்தகைய புண்ணுக்குப் பூச அமெரிக்காவில் 1997-இல் அனுமதித்தார்கள். கடிதத்தைக் கிழித்துப் போடுகிறவன் கையிலேயே மறுபடியும் கடிதம் கொடுப்பது போல எனக்கு அது படுகிறது. முதலில் கிழிப்பவனை விலக்க வேண்டும்.

கட்டு மாற்றும் சிஸ்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது அதைத்தான். வெளிறிய மஞ்சள் படலத்தைப் பிளேடால் சுரண்டி, ரத்தம் பொடிக்கும்வரை விடமாட்டார். பொடித்ததும், "இது நல்லது சார்" என்பார். செத்த சதை கிடக்கும்வரை ஆபத்து, ஆபத்து என்ற சமிக்ஞை ஓயாது. அது போய்ப் புது ரத்தம் வந்தால் தட்டணுக்களும் வந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. அம்மா அந்த நேரத்தில் சமையலறைக்குப் போய்விடுவாள்.

உன் கதை இதற்கு நேர்மாறு. பதினேழு வயதில் இரண்டாவது முறை காது குத்திய இடத்தில் தழும்பு கொண்டைக்கடலை அளவுக்கு மேடிட்டதே, அதன் பெயர் கீலாய்டு. அங்கே கொலாஜன் நெய்யும் உத்தரவு நிற்கவே இல்லை. அதை அடக்கத்தான் தோல் மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போட்டார். இத்தனைக்கும் நன்றாக ஆறிய தழும்புகூடப் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் எட்டும்.

இன்று காலை கட்டைப் பிரித்தபோது புண்ணின் அடியில் மாதுளை முத்துப் போல மணிமணியாகச் சிவந்த சதை ஓரிடத்தில் தெரிந்தது. சிஸ்டர் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினார், அம்மாவும் பார்த்தாள். மூக்குக் குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாயே, அதற்கு முன் அந்தத் தோல் மருத்துவரை ஒருமுறை கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா