வள்ளி திருமணம்: பார்த்தவர்கள் சொன்னது

குழு உறவுகளுக்கு வணக்கம். சனிக்கிழமை நாடகத்தைப் பற்றி வந்த கருத்துகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

பெரியவர்கள் பலருக்கும் ஒரே மனக்குறை: வள்ளி–நாரதர் தர்க்கத்தை வெட்டிவிட்டோம். விடிய விடிய ஆடும் நாடகத்தை 3 மணி நேரத்துக்குள் அடக்கத்தான் அப்படிச் செய்தோம். ஆனால் அவர்கள் சொல்வது சரி. இந்த நாடகத்தை எழுதிய, 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை இன்றும் கிராமத்து மேடைகள் சொல்வதற்கு அந்தச் சொற்போரும் ஒரு காரணம். அடுத்த முறை தர்க்கத்துக்கு 20 நிமிடம் கூட்டுவோம், பபூன் என்கிற கோமாளியின் காட்சியைச் சுருக்குவோம்.

பின்வரிசைக்கு வள்ளியின் பாட்டே எட்டவில்லையாம். ஆர்மோனியத்துக்கு வைத்த மைக் அவள் குரலை அமுக்கிவிட்டது. முன்கூட்டியே சரிபார்க்காதது என் தவறு. தங்கச்சி, நீ மனசு விடாதே. நீ ஆலோலம் பாடும்போது முன்வரிசையில் ஓர் ஆச்சி தானும் கையை வீசி கிளி விரட்டினார். திரை ஓரத்தில் நின்று பார்த்தேன், கண் கலங்கிவிட்டது.

உடை, ஒப்பனையில் யாரும் குறை சொல்லவில்லை.

ஞாயிறு மாலை 5 மணிக்கு ஒத்திகை. மைக்செட் அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன். மிருதங்கக்காரர் மட்டும் வர முடியுமா என்று இன்றே சொல்லிவிடுங்கள்.