பெயர்ப்பட்டியலில் இடம்பெறாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய நண்பர்களுக்கும் பெரியோர்களுக்கும்,

வணக்கம். நம்பிக்கையையும் வாழ்வின் பொருளையும் கருவாகக் கொண்ட குறும்பட விழாவிற்கு நாம் அனுப்பிய படம் தேர்வாகி, சென்ற வாரம் திரையிடப்பட்டதை அறிவீர்கள். படத்தின் முடிவில் எட்டே பெயர்கள்தாம் வந்தன என்பதையும் கவனித்திருப்பீர்கள். அதற்கான காரணத்தைச் சொல்லவும், திரையில் சொல்ல முடியாமற்போன நன்றியை எழுத்தில் சொல்லவுமே இம்மடல்.

பெயர்ப்பட்டியலையும் சேர்த்துப் படம் 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது விழாவின் விதி. நம் படம் 14 நிமிடம் 40 விநாடி என்பதால் நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் நாம் விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள் வீதம் படம்பிடித்திருந்தோம். விழாக் குழுவினர் கேட்டதோ 24 ஃபிரேம் வேகத்தில் ஓடும் டிசிபி எனப்படும் திரையரங்கக் கோப்பு. அதே 22,000 ஃபிரேம்கள் 24 வீதம் ஓடினால் படம் 15 நிமிடம் 17 விநாடிக்கு நீண்டுவிடும் என்பதைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கணக்கிட்டுச் சொன்னவர் படத்தொகுப்பாளர். அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் படம் பார்க்கப்படாமலேயே திரும்பியிருக்கும். வேகம் குறைந்ததில் நடிகர்களின் குரல்கள் சற்றுக் கனத்துப்போனதையும் அவரே இரவோடிரவாகச் சரிசெய்தார்.

வரம்பை மீறிய 17 விநாடிகளை எங்கே வெட்டுவது? நம்பிக்கை இழந்த மகன், பேச்சிழந்து படுத்திருக்கும் தந்தைக்காக அவருடைய பிரார்த்தனையைத் தன் வாயால் படித்து முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கும் காட்சியைக் குறைக்கலாம் என்றேன். ஒருவர்கூட ஒப்பவில்லை. “பெயர்களை வெட்டுங்கள்” என்று முதலில் சொன்னவர் ஒலிப்பதிவாளர்; வெட்டுப்பட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று. அந்த மௌனம் உண்மையில் அவருடைய உழைப்பு. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, மௌனக் காட்சிகளின் அடியில் சேர்ப்பதற்காக அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்தவர் அவர். அந்த ஒரு நிமிடத்தில் சிலர் மனத்துக்குள் வேண்டிக்கொண்டதாகவும், சிலர் மதிய உணவைப் பற்றி யோசித்ததாகவும் பின்னர் அறிந்தேன். பதிவில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன.

வசன மொழிபெயர்ப்பைச் செய்து தந்த அம்மையாருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. “எனக்கு நம்பிக்கை இல்லை” என்ற ஒரே வரியை மகன் மூன்று இடங்களில் சொல்கிறான்: மருத்துவரிடம், தந்தையிடம், கடைசியில் தன்னிடமே. தமிழில் அது ஒரே சொல். ஆங்கிலத்திலோ ஹோப், ஃபெயித், டிரஸ்ட் என்று மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. ஒரே சொல்லை வைத்தால் பொருள் பிசகும், மூன்றையும் வைத்தால் இழை அறும் என்று ஒரு வாரம் யோசித்தவர், இறுதியில் அந்த வரியை “என்னால் நம்ப முடியவில்லை” என்று வினைச்சொல்லாக மாற்றி மொழிபெயர்த்தார். எழுதிய எனக்கே அந்த வரி அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

முதல் திரைக்கதையில் பிரார்த்தனை பலித்து, தந்தை கண் விழித்துப் பேசுவார். அதை நீக்கச் சொன்னவர் நம் குழுவிலேயே மிகுந்த பக்தியுள்ள நண்பர் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். கான் திரைப்பட விழாவில் 1974 முதல் கிறித்தவத் திருச்சபைகளின் சார்பில் ஒரு நடுவர் குழு விருது வழங்கிவருவதையும், முதல் ஆண்டிலேயே அவ்விருது வயது முதிர்ந்த துப்புரவுப் பணிப்பெண்ணுக்கும் வேற்றுநாட்டுத் தொழிலாளிக்கும் இடையிலான அன்பைச் சொன்ன படத்துக்குப் போனதையும் எடுத்துக்காட்டி, அற்புதம் நிகழ்ந்துதான் ஆகவேண்டுமா என்று அவர் கேட்டார். நான் கோபித்துக்கொண்டேன், அதற்காக மன்னிப்பும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பாடலின் வரிகள் எவருக்கும் உரிமையற்றவையாக இருந்தாலும் அதன் ஒலிப்பதிவு அப்படியல்ல என்று எச்சரித்த வழக்கறிஞருக்கும், அதனால் அப்பாடலைப் புதிதாகப் பாடித் தந்த மாணவிக்கும், நுழைவுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு அதைப் பற்றி வாய் திறக்காதவருக்கும் நன்றி. ஒரு சொல்லும் பேசாமல் மூன்று நாள் படுக்கையில் கிடந்து தந்தையாக நடித்த பெரியவருக்குத் தனியாக வணக்கம். “படிப்பதை நிறுத்தாதே தம்பி, கேட்க நன்றாக இருக்கிறது” என்று கேமரா நின்ற பிறகு அவர் சொன்னது படத்தில் இல்லையே என்று இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விடுபட்ட பெயர்கள் அனைத்தையும், அவரவர் செய்த பணியுடன், தனித்தாளில் அச்சிட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பிழையோ விடுபாடோ இருப்பின் தயங்காமல் தெரிவியுங்கள். அந்தத் தாளுக்கு நேர வரம்பு ஏதுமில்லை.

நன்றியுடன்,
படத்தின் இயக்குநர்